சுவரை உடைக்காமல் விளக்குகளைத் தானியங்கி ஆக்கலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவருடைய குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மேல்தளத்தில் வீட்டு உரிமையாளர் வசிக்கிறார். எழுபது வயதைக் கடந்த மாமியார் இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது சுவிட்சைத் தேடித் தடுமாறுகிறார். இதைக் கேள்விப்பட்ட வாசகியின் தம்பி, வெளிநாட்டில் தாம் பயன்படுத்திவந்த விளக்குகளைத் தொலைவிலிருந்தே போட்டு அணைக்க உதவும் ஒரு பெட்டி நிறைய மாட்யூல்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவை வீட்டு மின்கம்பி வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை; புதிதாகக் கம்பி இழுக்க வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம், இணையமும் வேண்டாம் என்று தம்பி உறுதியாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே மாமியாரின் அறை, நடைவழி, கூடம், மாடிப்படி ஆகியவற்றின் விளக்குகளோடு மின்விசிறிகளையும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வாசகி விரும்புகிறார். சுவிட்ச் பாக்ஸில் மின்சாரம் திரும்பிப் போவதற்கான நியூட்ரல் கம்பி இல்லை என்றும், அதற்குப் பதிலாக எர்த் கம்பியை இணைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்றும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது.

அன்புள்ள வாசகிக்கு,

மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு மாட்யூலின் பின்புறத்திலும் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தத்தைப் படித்துப் பாருங்கள். உலகின் சில நாடுகளில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட் அளவிலும், பல நாடுகளில் 230 வோல்ட் அளவிலும் வருகிறது. 120 வோல்ட்டுக்கென்று செய்த மாட்யூலைப் பிளக் அடாப்டர் போட்டு 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் அது வேலை செய்யாது என்பதோடு முடிந்துவிடாது. உள்ளே புகைந்து எரியவும் கூடும். பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தைக் குறைக்காது. இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அழுத்தத்தைக் குறைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் கம்பியில் வரும் கட்டளைச் சைகை அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி ஒழுங்காக வந்து சேராது. அச்சிட்டிருக்கும் மின்னழுத்தம் உங்கள் வீட்டு மின்சாரத்தோடு பொருந்தாவிட்டால் பெட்டியைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருந்துகிறது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

மாமியாரின் இரவு விளக்கு

உங்கள் கடிதத்தின் உண்மையான தேவை இதுதான். அதற்கு இந்த மாட்யூல்கள் எவையும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறிய இரவு விளக்குகள் தனியாகக் கிடைக்கின்றன. படுக்கையின் அருகில் ஒன்று, நடைவழியில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று என வைத்தால் போதும். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளிலும் உதவ வேண்டுமானால் பேட்டரியில் இயங்குபவற்றையே தேர்ந்தெடுங்கள். மின்கம்பி வழியாகக் கட்டளை போகும் ஏற்பாடு மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். விளக்கைக் கணுக்கால் உயரத்தில் வையுங்கள். கண்ணில் நேராக ஒளி அடிக்காமல், தரை தெரிய வேண்டும். இந்த விளக்குகளில் உள்ள அகச்சிவப்பு உணரிக்கு, தன் பார்வைக்குக் குறுக்காக நடப்பவரைக் கண்டுகொள்வது எளிது. தன்னை நோக்கி நேராக வருபவரைச் சற்றுத் தாமதமாகவே கண்டுகொள்ளும். ஆகவே நடைவழியின் கோடியில் எதிர்ப்புறமாக வைப்பதைவிடப் பக்கச் சுவரில் வைப்பது நல்லது. முதியவர் ஒருவர் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு, ஒரு கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை நம்பி இருக்கக் கூடாது.

இதை முதலில் முடித்துவிட்டால், மற்ற விளக்குகளைப் பற்றிய முடிவை அவசரமில்லாமல் எடுக்கலாம்.

கம்பி வழியாகக் கட்டளை எப்படிப் போகிறது

தம்பி கொடுத்தவை எக்ஸ்-10 வகையைச் சேர்ந்தவை என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றுக்கும் எண் ஒன்றுக்கும் திருகுசக்கரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் உள்ள பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை இது. திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு அல்லது நூற்றிருபது முறை சுழியத்தைக் கடக்கிறது. அந்தக் கணங்களில் கம்பியில் இரைச்சல் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால், சுமார் ஒரு மில்லிநொடி நேரத்துக்கு 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மெல்லிய சைகையை அந்த இடத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். சைகை இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். வீட்டுக்குறி எனப்படும் எழுத்துகள் பதினாறு, ஒவ்வொன்றிலும் பதினாறு எண்கள் என மொத்தம் 256 முகவரிகள் உண்டு. எந்த விளக்கு, என்ன செய்ய வேண்டும் என்று முழுக் கட்டளையையும் அனுப்பி முடிக்க 47 மின்சுழற்சிகள் ஆகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது ஏறக்குறைய ஒரு நொடி. பொத்தானை அழுத்தியதும் விளக்கு சற்றுத் தயங்கி எரிந்தால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

'கம்பி வழியாகப் போவதால் வயர்லெஸ்ஸைவிட நம்பகமானது' என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அது சரியல்ல. உங்கள் வீட்டு மின்கம்பி செய்திக்கென்று போட்ட கம்பி அன்று. சந்தைக்கடை நடுவே நின்றுகொண்டு ஒருவர் காதில் இரகசியம் சொல்வது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதுதான் அதில் செய்தி அனுப்புவதும். அனுப்பும் கருவியின் வாயிலில் சில வோல்ட் அளவில் இருக்கும் சைகை, கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது அதில் மிகச் சிறிய பங்காகத் தேய்ந்துபோயிருக்கும்.

இந்த முறை உருவான காலத்தில் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் குண்டு பல்புகளும் மோட்டார்களும்தான். இன்றோ ஒவ்வொரு சாக்கெட்டிலும் சார்ஜரோ, கணினியோ, தொலைக்காட்சியோ, எல்இடி விளக்கின் டிரைவரோ இருக்கிறது. இவை இரண்டு விதமாகத் தொல்லை தருகின்றன. சில, தாமே அந்த அதிர்வெண்ணில் இரைச்சலைக் கம்பியில் கொட்டுகின்றன. வேறு சில சத்தமே இல்லாமல் சைகையை விழுங்கிவிடுகின்றன. கண்டுபிடிக்கக் கடினமானவை இவைதான். இரைச்சல் வெளியே போகாமல் தடுப்பதற்காக அவற்றின் வாயிலில் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது முப்பதாயிரம் ஓமுக்கும் மேற்பட்ட தடையாக நிற்கும். அதாவது ஒன்றும் செய்யாது. ஆனால் 120 கிலோஹெர்ட்ஸ் சைகைக்கோ அதன் தடை சுமார் 13 ஓம் மட்டுமே. சைகை அதற்குள் வடிந்துபோகும். கருவி அணைந்திருந்தாலும், பிளக் செருகி சாக்கெட்டின் சுவிட்சும் போட்டிருந்தால் இது நடக்கும். நேற்று வரை வேலை செய்த விளக்கு இன்று கட்டளைக்குப் பணியவில்லை என்றால், நேற்றிலிருந்து வீட்டில் புதிதாக எதைச் செருகினீர்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அத்தகைய கருவிகளுக்கு முன்னால் செருகும் ஃபில்டர்கள் உண்டு. சைகை அனுப்பும் கருவியைச் சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகையிலோ யுபிஎஸ்ஸிலோ செருகாமல், நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகுங்கள்.

வீட்டுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வந்து, கூடம் ஒரு ஃபேஸிலும் படுக்கையறை வேறொரு ஃபேஸிலும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சைகை சரிவரத் தாவாது. அதற்கு இணைப்பான் ஒன்றை மெயின் போர்டில் பொருத்த வேண்டும். அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை கட்டளையைக் கேட்குமே தவிர, கேட்டேன் என்று திருப்பிச் சொல்லாது. அணைத்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். அதனால் இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர், தண்ணீர் மோட்டார், கதவுப்பூட்டு போன்ற எதையும் இதில் இணைக்கக் கூடாது. யாரும் பார்க்காத நேரத்தில் தானாக எரிந்தால் மின்கட்டணம் மட்டுமே கூடும் என்று சொல்லக்கூடிய பொருளைத்தான் இணைக்கலாம். பூட்டுச்சாவி போன்ற மறைகுறி எதுவும் இம்முறையில் கிடையாது. மேல்தளமும் கீழ்த்தளமும் ஒரே இணைப்பிலிருந்து பிரிந்தால் உங்கள் கட்டளை உரிமையாளரின் வீட்டுக்கும் போகும். அவரிடமும் இதே வகைக் கருவி இருந்து, இருவருமே ஆலையில் வைத்து அனுப்பிய முதல் வீட்டுக்குறியை மாற்றாமல் விட்டிருந்தால், ஒருவர் பொத்தானை அழுத்த மற்றவர் வீட்டு விளக்கு எரியும். குறியை மாற்றிவிடுங்கள்.

எர்த் கம்பி நியூட்ரல் ஆகாது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படவைத்தது இதுதான். பழைய வீடுகள் பலவற்றில் விளக்குச் சுவிட்ச் பாக்ஸுக்குள் ஃபேஸ் ஒன்று வரும், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பி ஒன்று இருக்கும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். சாதாரணச் சுவிட்சுக்கு இதுவே போதும். ஆனால் கட்டளையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய சுவிட்சுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் தேவை; அது திரும்பிப் போவதற்கு நியூட்ரல் வேண்டும். அது இல்லாத இடத்தில் எர்த் கம்பியை இணைத்தால் சுவிட்ச் வேலை செய்யத்தான் செய்யும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. வேலை செய்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

எர்த் கம்பியில் வழக்கமான நேரத்தில் மின்சாரம் ஓடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், கழிப்பறை ஹீட்டர் ஆகியவற்றின் உலோக உடல் அதனோடுதான் இணைந்திருக்கிறது. எங்கேனும் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகாமல் அதன் வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. அதைச் சுவிட்சின் திரும்பு வழியாக்கிய பிறகு, அந்தக் கம்பி எங்கேனும் அறுந்தோ கழன்றோ போனால், அறுந்த இடத்துக்கு இப்புறம் அதனோடு சேர்ந்த உலோக உடல்கள் எல்லாவற்றிலும் சுவிட்சின் உள்ளுறுப்புகள் வழியாக ஃபேஸ் மின்னழுத்தம் வந்து நிற்கும். கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது; ஈரக் கையோடு இயந்திரத்தைத் தொடுபவருக்குத்தான் தெரியும். வீட்டில் கசிவுப் பாதுகாப்புக் கருவி இருந்தால், எர்த் வழியாகப் போகும் இந்தச் சிறு மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஆள் பாதுகாப்புக்கென வழக்கமாக வைக்கும் 30 மில்லிஆம்பியர் எல்லையை நெருங்கி, காரணம் தெரியாமல் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கும். அப்போது வீட்டார் செய்வது பெரும்பாலும் அந்தக் கருவியைக் குற்றம் சொல்லிக் கழற்றிவிடுவதுதான்.

இப்படிச் செய்யலாம் என்று சொன்னவர் எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும் அவரை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். நியூட்ரல் இல்லாத இடத்தில் ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. விளக்குப் பொருத்தும் இடத்தில் நியூட்ரல் இருக்கும் என்பதால், பல்பு ஹோல்டருக்கும் பல்புக்கும் இடையில் பொருத்தும் மாட்யூலைப் பயன்படுத்தலாம். அல்லது கம்பி போகும் குழாயில் இடமிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு நியூட்ரல் கம்பியை இழுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் எளியது, சாக்கெட்டில் செருகும் மாட்யூல்களோடு நின்றுவிடுவது.

எந்த விளக்கு, எந்த மாட்யூல்

நியூட்ரல் வேண்டாத இரண்டு கம்பிச் சுவிட்சுகளும் உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பவற்றில் சில அப்படிப்பட்டவையாக இருக்கலாம். அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அறுபது வாட் குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஏழு வாட் எல்இடி பல்பு, அணைத்த பிறகும் அந்தச் சிறு மின்னோட்டத்தில் மங்கலாக எரியும் அல்லது விட்டுவிட்டு மினுக்கும். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர்கள் பல, குறைந்தபட்சம் நாற்பது அல்லது அறுபது வாட் சுமையை எதிர்பார்த்துச் செய்தவை. பல்பின் உறையில் டிம்மருக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்காத எல்இடியை டிம்மர் மாட்யூலில் போடவே கூடாது. அச்சிட்டிருந்தாலும் எல்லா டிம்மருக்கும் அது பொருந்தும் என்று உறுதி இல்லை. ஒவ்வொரு அரைச் சுழற்சியின் தொடக்கத்தை வெட்டும் டிம்மர்களும் இருக்கின்றன, இறுதியை வெட்டும் டிம்மர்களும் இருக்கின்றன, எல்இடிகள் பல இரண்டாவது வகையோடுதான் ஒத்துப்போகின்றன.

உங்கள் பெட்டியில் விளக்குக்கான மாட்யூல், கருவிக்கான மாட்யூல் என இரண்டு வகைகள் இருக்கும். முதலாவது டிம்மர், இரண்டாவது ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச், 'டக்' என்ற ஓசையோடு போடும், அணைக்கும், அவ்வளவுதான். எல்இடிக்கும் டியூப்லைட்டுக்கும் இரண்டாவதே பாதுகாப்பானது. அதிலும் சிலவற்றில், விளக்கின் சொந்தச் சுவிட்சைப் போட்டால் தானும் விழித்துக்கொள்வதற்காக ஒரு சிறு உணர்வு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எல்இடி மங்கலாக எரிவதும், யாரும் தொடாமலே மாட்யூல் இயங்கிவிடுவதும் நடக்கலாம்.

மின்விசிறியை டிம்மர் மாட்யூலில் இணைக்காதீர்கள். மோட்டார் முனகும், சூடேறும், மாட்யூலும் எரிந்துபோகும். ரிலே மாட்யூலில் அதன் தாங்குதிறனுக்கு உட்பட்டுப் போட்டு அணைக்கலாம். வேகத்தை அதன் ரெகுலேட்டரில்தான் மாற்ற வேண்டும். மாடிப்படி விளக்கு மேலும் கீழும் இரண்டு டூ-வே சுவிட்சுகளால் இயங்குவது; அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது பயனற்றதாகிவிடும். அது உரிமையாளரும் பயன்படுத்தும் விளக்கு என்பதால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எங்கே தொடங்குவது

கூடத்தில் உள்ள ஒரு மேசை விளக்கோடு தொடங்குங்கள். அனுப்பும் கருவியையும் ஒரு ரிலே மாட்யூலையும் ஒரே அறையில் வைத்துப் பாருங்கள். அடுத்து வேறு அறைக்கு மாற்றுங்கள். பகலில் ஒரு முறை, எல்லோரும் வீடு திரும்பி எல்லாக் கருவிகளும் ஓடும் மாலையில் ஒரு முறை சோதியுங்கள். எந்தச் சாக்கெட்டில் தவறுகிறது என்று குறித்து வையுங்கள். சில வாரங்கள் தொல்லையில்லாமல் ஓடினால் இன்னும் இரண்டு விளக்குகளைச் சேர்க்கலாம். எந்த நிலையிலும் சுவர்ச் சுவிட்சைக் கொண்டு விளக்கைப் போடும் வழி இல்லாமல் போய்விடக் கூடாது; விருந்தினரும் முதியவரும் அதைத்தான் தேடுவார்கள்.

இருபது விளக்குகளுக்கு இதையே விரிவாக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். இலவசமாக வந்த பெட்டி, கற்றுக்கொள்ளப் போதுமானது. முழு வீட்டையும் அதன்மேல் நிறுத்தும் அளவுக்கு இன்றைய மின்கம்பிகள் அமைதியாக இல்லை. பின்னாளில் பெரிதாகச் செய்ய விரும்பினால், பதில் சொல்லக்கூடிய, வானலையிலும் பேசக்கூடிய புதிய முறைகளைப் பாருங்கள். அப்போது, நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனால் வீட்டுக்குள் எவையெல்லாம் இயங்கும் என்ற கேள்வியை விற்பவரிடம் கேட்க மறக்காதீர்கள். கம்பி, வானலை இரண்டிலும் பேசிய இன்ஸ்டியான் என்ற முறையை விற்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் சர்வர்களை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்களில் சிலர் சேர்ந்து அதை வாங்கி அதே ஆண்டில் மீண்டும் இயக்கினார்கள் என்றாலும், எல்லா முறைகளுக்கும் அப்படி ஒரு மறுபிறப்பு வாய்ப்பதில்லை. இணையம் வேண்டாத ஏற்பாட்டை நீங்கள் விரும்பியது சரியான எண்ணமே.

வாடகைதாரர் என்ற முறையில்

சாக்கெட்டில் செருகி எடுக்கும் எதுவும் உங்கள் உடைமை. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகலாம். சுவிட்ச் பாக்ஸைத் திறந்து செய்யும் எந்த மாற்றமும் வீட்டின் நிலையான வயரிங்கைத் தொடுவது. அதற்கு உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வாய்மொழியாகச் 'செய்துகொள்ளுங்கள்' என்று சொன்னவரே, பின்னர் ஒரு விபத்து நேர்ந்தால் அதை மறந்துவிடலாம். நிலையான வயரிங்கை யார் தொடலாம் என்பதில் இடத்துக்கு இடம் சட்டம் வேறுபடும். உரிமம் இல்லாதவர் செய்த வேலையைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. ஆகவே உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும், காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுவிட்சை அணைத்தாலும் அதன் ஒரு முனையில் ஃபேஸ் நின்றுகொண்டேதான் இருக்கும், அதனால் கூடாது. டிம்மர் மாட்யூலும் அணைந்த நிலையில் மின்சாரத்தை முழுமையாகத் துண்டிப்பதில்லை. எனவே அதில் இணைந்த பல்பை மாற்றும்போதுகூட மாட்யூலைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பல்பு ஹோல்டரில் பொருத்தியதென்றால் அந்தச் சுற்றுக்கான எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள தானியங்கித் துண்டிப்பானை) அணைத்துவிடுங்கள்.

பின்னாளில் சுவர்ச் சுவிட்சுகளை மாற்றுவதென்று முடிவு செய்தால், உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தில் எந்தெந்தச் சுவிட்சுகள், என்ன மாட்யூல்கள், வேலை செய்யப்போகும் எலக்ட்ரீஷியனின் உரிம எண், காலி செய்யும்போது பழையபடி பொருத்தித் தருவதாக உறுதிமொழி ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். வேலை முடிந்ததும் கசிவுப் பாதுகாப்புக் கருவியும் எர்த் இணைப்பும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து, அதை எழுதித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கழற்றிய பழைய சுவிட்சுகளை எந்த இடத்துக்குரியவை என்று சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள்.